நூற்றில் ஒருவர் தரும் சிறுநீரகம்

கேரளத்தில் மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகள் யாருக்குப் போக வேண்டும் என்பது திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள, மாநில உறுப்பு மாற்று அமைப்பான கே-சோட்டோவின் அலுவலகத்தில் முடிவாகிறது. 2012இல் ‘மிருதசஞ்சீவனி’ என்ற பெயரில் தொடங்கிய திட்டம் இது. பட்டியலில் முன்னால் இருந்தும், அழைப்பு வந்து ஓடிப்போயும், சிறுநீரகம் கிடைக்காமல் மறுபடி டயாலிசிஸுக்கே திரும்புகிறவர்கள் உண்டு. காரணம், கிராஸ்மேட்ச்.

கொடையாளரின் வெள்ளணுக்களோடு நோயாளியின் சீரத்தைக் கலந்து, சில மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அணுக்கள் செத்துக் கிடந்தால் ‘பாசிட்டிவ்’. அந்தச் சிறுநீரகம் அடுத்தவருக்கு. நோயாளியின் ரத்தத்தில் ஏற்கெனவே ஊறியிருக்கும் ஆன்டிபாடிகளின் வேலை இது. பிரசவம், ரத்தம் ஏற்றியது, முன்பு செய்துகொண்ட மாற்று அறுவை ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் அவற்றை உண்டாக்குகின்றன. பிள்ளை பெற்றதே தடையாகிவிடுவதால் பெண்களுக்கு இதில் கூடுதல் பாதிப்பு. ஆன்டிபாடி அளவை பிஆர்ஏ என்ற சதவீதத்தால் சொல்வார்கள். 99 என்றால், நூறு கொடையாளர்களில் ஒருவர்தான் ஒத்துவருவார்.

பிஆர்ஏ கூடிய நோயாளிகளை விதிகள் கண்டுகொள்ளாமல் இல்லை. தேசிய அமைப்பான நோட்டோவின் மதிப்பெண் முறையில் டயாலிசிஸில் கழியும் ஒவ்வொரு மாதத்துக்கும் 1 மதிப்பெண். பிஆர்ஏ 20க்கு மேல் போகும் ஒவ்வொரு பத்துக்கும் அரை மதிப்பெண். கூட்டிப் பாருங்கள்: பிஆர்ஏ 100 ஆனாலும் கிடைப்பது 4தான். அதாவது, நான்கு மாத டயாலிசிஸுக்குச் சமம். அமெரிக்காவில் 2014 டிசம்பரில் வந்த முறை இதே நோயாளிக்கு 202 மதிப்பெண் தந்தது. அங்கே ஓராண்டுக் காத்திருப்புக்கு 1 மதிப்பெண். இருநூறு ஆண்டு எங்கே, நான்கு மாதம் எங்கே!

மதிப்பெண்ணை மட்டும் கூட்டினால் போதுமா? போதாது. கேரளத்தில் 2015இல் 76 பேரின் உறுப்புகள் தானமாகக் கிடைத்தன. 2024இல் 11 பேருடையவைதான். அந்தக் கணக்கில், பிஆர்ஏ 99 உள்ளவருக்குப் பொருந்தும் ஒரு கொடையாளர் வர ஒன்பது ஆண்டு ஆகும். ரத்த வகையையும் பார்த்தால் இன்னும் நீளும். இரண்டு சிறுநீரகங்களில் ஒன்றை, தானம் நடந்த மருத்துவமனையே தன் நோயாளிக்கு வைத்துக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. களியக்காவிளையில் எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு; அங்கே 2024இல் 268 கொடையாளர்கள். ஆனால், ஒரு மாநிலத்தில் ஆள் இல்லாவிட்டால்தான் உறுப்பு எல்லை கடக்கும்.

பிஆர்ஏ 98க்கு மேற்பட்டவர்களுக்குத் தென்மாநிலங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு பட்டியல் வேண்டும். சென்னையில் ஏற்கெனவே நோட்டோவின் மண்டல அமைப்பு இருக்கிறது. புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டியதில்லை. ஐரோப்பாவில் நெதர்லாந்தின் லைடன் நகரை மையமாக வைத்துப் பல நாடுகள் சேர்ந்தே இத்தகைய பட்டியலை நடத்துகின்றன.

டயாலிசிஸில் இருப்பவர்களும் குடும்பத்தினரும் இப்போதே செய்யக்கூடியவை சில. ரத்தம் ஏற்றச் சொன்னால், ரத்தசோகையை ஊசி மருந்தால் சமாளிக்க முடியுமா என்று கேளுங்கள். பிஆர்ஏ பரிசோதனை செய்தாயிற்றா என்று விசாரியுங்கள். வீட்டில் சிறுநீரகம் தர ஆள் இருந்தும் பொருந்தாவிட்டால், இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளச் சட்டம் 2011 திருத்தத்திலிருந்தே இடம் தருகிறது.