மழையும் ஓதமும் கூடுமிடத்துக் கணக்கு

மும்பையின் முலுந்துக்கும் ஐரோலிக்கும் இடையே தானே கடற்கழி கிடக்கிறது. நாள்தோறும் ஏறக்குறைய இருமுறை கடல் ஓதம் இதில் ஏறி வடிகிறது. மழைநீரும் வாய்க்கால்கள் வழியே இக்கழியையே அடைதல் வேண்டும். ஓதம் உயர்ந்திருக்கையில் பெருமழை பெய்யின் நீர் எங்கே செல்லும்? 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்குரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. பெருமழையும் ஏற்ற ஓதமும் உடன் நேர்ந்தன. பல நூறு உயிர்கள் மாண்டன.

இத்தகைய வெள்ளத்தை முன்னறிய ஒரே கணித மாதிரி போதாது. மேகத்தின் மழைக்கு ஒரு கணக்கு. தெருவில் பரவும் நீருக்கு மற்றொன்று. வாய்க்காலுக்கும் கடலுக்கும் வெவ்வேறு கணக்குகள். மழைக் கணக்கின் கட்டங்கள் கிலோமீட்டர் அளவின. தெருவுக்கோ சில மீட்டர் அளவுக் கட்டங்கள் தேவை.

கட்டம் சிறுத்தால் காலப்படியும் சிறுக்க வேண்டும். 4 மீட்டர் ஆழ நீரில் அலை வினாடிக்குச் சுமார் 6.3 மீட்டர் செல்லும். சாதாரண முறைகளில், 100 மீட்டர்க் கட்டத்திற்கு 16 வினாடிக்கு மேற்பட்ட படி கூடாது. 10 மீட்டர்க் கட்டத்திற்கு 1.6 வினாடியே எல்லை. ஆகவே நீர் பரவும் இடத்தில் மட்டும் கட்டங்களைப் பிளந்து, வடிந்தபின் மீண்டும் இணைப்பர். பிளக்கும்போதும் இணைக்கும்போதும் மொத்த நீரளவு மாறலாகாது.

மாதிரிகள் கூடுமிடத்திலும் இதுவே விதி. வாய்க்கால் 50 கனமீட்டர் நீரைத் தந்தால், கழியின் கணக்கிலும் அதே 50 வரவாக வேண்டும். கழியின் நீர்மட்டமும் வாய்க்காலுக்குத் திரும்ப அறிவிக்கப்பட வேண்டும். அன்றேல், தெருவில் மக்கள் இடுப்பளவு நீரில் நிற்க, தாளில் மட்டும் வெள்ளம் வடிந்துவிடும்!

புவி அறிவியல் அமைச்சகமும் மும்பை மாநகராட்சியும் 2020 ஜூன் மாதத்தில் தொடங்கிய ‘ஐஃப்ளோஸ்-மும்பை’ என்னும் வெள்ள எச்சரிக்கை அமைப்பு, வானிலை, ஆற்றுநீர், ஓதம் ஆகியவற்றின் கணக்குகளை இவ்வாறு ஒருங்கே கொள்கிறது.

களப் பணியாளர்க்கு ஒரு சொல்: அளவைப் போலவே நேரத்தையும் பிழையறக் குறித்திடுக. ஓதத்தின் ஏற்ற இறக்கம் 4 மீட்டர் எனின், இடைப்பொழுதில் ஒரு மணி நேரப் பிழை, நீர்மட்டத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர்ப் பிழையாகும். ஆசிரியர்கள், குழாயால் இணைத்த இரு பாத்திரங்களைக் கொண்டு இவ்வுண்மையை மாணவர்க்கு எளிதிற் காட்டலாம்: ஒன்றில் நீர்மட்டத்தை உயர்த்துங்கள், மற்றது வடிய மறுப்பதை அவர்களே காண்பர்.