அடுப்புக்கரி வாங்கப் போறீங்களா? தட்டிப் பார்த்து வாங்குங்க!

திருக்கோவிலூர்:
இஸ்திரி பெட்டி முதல் வீட்டு வாசலில் சுடும் கோழிக்கறி வரை அடுப்புக்கரி தேவைப்படுகிறது. தமிழ்நாட்டில் அதிகம் கிடைப்பது சீமைக்கருவேல மரத்தை மூட்டம் போட்டு எடுத்த கரி.

நல்ல கரியை கண்டுபிடிப்பது எப்படி? இரண்டு துண்டை ஒன்றோடு ஒன்று தட்டினால் ‘கிண்’ என்று சத்தம் வரணும். ‘டொக்’ என்றால் ஈரம் அல்லது சரியாக வேகாத கட்டை. உடைத்தால் உள்ளே கருப்பாக பளபளக்கணும். பழுப்பு தெரிந்தால் புகை கிளம்பும். ஈரக்கரியில் எடைதான் கூடும், காசுதான் நஷ்டம். மூட்டையின் அடியில் தூள் இருக்கிறதா என்றும் பாருங்க.

கரி மீது வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகே கறியை வைக்கணும்.

நல்ல கரியானாலும் மூடிய அறைக்குள் வேண்டவே வேண்டாம். அதில் வரும் கார்பன் மோனாக்சைடு விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், கரி அடுப்பு எரிந்த விடுதி அறையில் தூங்கிய 2 வாலிபர்கள் பிணமாக கிடந்தனர்.