கல்லீரலில் யாருக்கு முதலிடம்?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்களில் 60 பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொண்டதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தச் சாராயத்தில் இருந்தது மெத்தனால். பெயின்ட், பிளாஸ்டிக் தொழில்களுக்குப் பயன்படும் ரசாயனம். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும்.

ஒரு விசித்திரம் கேளுங்கள். மெத்தனால் வயிற்றுக்குள் போனதுமே ஆளைக் கொன்றுவிடுவதில்லை. நம் கல்லீரல்தான் அதைக் கொடிய விஷமாக மாற்றுகிறது! அங்கே ஆல்கஹால் டீஹைட்ரோஜினேஸ் என்றொரு நொதி உண்டு. அது மெத்தனாலை முதலில் ஃபார்மால்டிஹைடு ஆக்கும். பள்ளி ஆய்வகத்தில் பாம்பும் தவளையும் மிதக்கும் ஜாடியில் இருப்பது இந்த ஃபார்மால்டிஹைடு கரைந்த நீர்தான். அடுத்து இன்னொரு நொதி அதை ஃபார்மிக் அமிலமாக்கும். சில எறும்புகளிடம் உள்ள அதே அமிலம். உடலில் சேரச்சேர அது செல்களை மூச்சுத்திணற வைக்கும், பார்வை நரம்பைக் கெடுக்கும். இதற்குப் பல மணி நேரம் பிடிப்பதால், குடித்தவர் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று வீட்டிலேயே படுத்துவிடுகிறார். உயிர் பிழைக்க வேண்டிய நேரம் அப்படித்தான் போய்விடுகிறது.

மருத்துவர்கள் என்ன செய்வார்கள்? ஃபொமெபிசோல் என்ற மருந்தைக் கொடுப்பார்கள். அரவைக் காலத்தில் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு டிராக்டர்கள் வரிசையில் நிற்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபொமெபிசோல் முந்திப் போய் நொதியின் வாசலை அடைத்துக்கொள்ளும். மெத்தனால் வெளியிலேயே காத்துக்கிடக்கும். அதற்குள் டயாலிசிஸ் இயந்திரம் ரத்தத்திலிருந்து அதை வெளியேற்றிவிடும்.

இங்கே வாசலை மறித்தது உயிர் காத்தது. மருந்துகளைச் சிதைக்கவும் கல்லீரலில் நொதிகள் உண்டு. நாமாக மருந்துகளைக் கலந்து விழுங்கும்போது அவற்றின் வாசலிலும் இதே மறியல் நடக்கலாம். அப்போது காத்துக்கிடப்பது பாட்டியின் ரத்த அழுத்த மாத்திரையாக இருந்தால்? அது சிதையாமல் ரத்தத்தில் குவியும். விழுங்கியது ஒன்று, வேலை செய்வது மூன்று மாத்திரைக்கு என்றாகிவிடலாம்!

இதற்கு மாத்திரைகூட வேண்டாம், பழச்சாறே போதும். கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர் ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தார்கள். மதுவின் சுவை தெரியாமல் இருக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார்கள். நம் பம்ப்ளிமாஸுக்கு உறவுக்காரப் பழம் அது. ரத்தத்தில் மருந்து எதிர்பார்த்ததைவிட எக்கச்சக்கமாக ஏறியது. காரணம் மதுவல்ல, சாறு! 1991இல் அந்த முடிவு வெளிவந்தது.

தலைகீழாகவும் நடக்கும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைப் பெருக்கிவிடும். கூடச் சாப்பிடும் வேறு சில மருந்துகள் வேலை செய்யும் முன்பே சிதைந்துபோகும்.

கல்வராயன் மலையில் மூலிகை தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். மூலிகையிலும் ரசாயனம்தானே இருக்கிறது? அதற்கும் அதே கல்லீரல்தான். ஆகவே மலையிலிருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இறங்கும்போது, குடித்த கஷாயத்தையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை, மெடிக்கலில் ‘காய்ச்சலுக்கு ஒரு செட்’ என்று கேட்டு வாங்கும் பழக்கம். பொட்டலத்தில் நாலைந்து மாத்திரை, ஒன்றுக்கும் பெயர் இருக்காது. அதில் பாராசிட்டமால் இருக்கலாம். வீட்டில் உள்ள சளி மாத்திரையிலும் அதுவே இருக்கலாம். இரண்டும் சேர்ந்து அளவு மிஞ்சினால் அடி வாங்குவது கல்லீரல். அடுத்த முறை அட்டையோடு கேட்டு வாங்குங்கள். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்ட உங்கள் கண்தான் சரி.