வலிப்பு நோயுள்ள வளரிளம் பருவத்தினருக்கான அறிதிறன் பயிற்சி

அறிதிறன் பயிற்சி என்பது திட்டமிடுதல், கவனத்தைக் கட்டுப்படுத்துதல், தொடங்கிய வேலையை முடித்தல் போன்ற செயலாண்மைத் திறன்களை வலுப்படுத்தும் பயிற்சிமுறை ஆகும். வலிப்பு நோயுள்ள வளரிளம் பருவத்தினருக்கும் இது அளிக்கப்படுகிறது. இது வலிப்பைக் குணப்படுத்துவதன்று. மருந்துக்கு மாற்றும் அன்று.

செயலாண்மைத் திறன்கள்

இவற்றில் மூன்று அடிப்படையானவை. ஆசிரியர் கேள்வியை முடிக்கும் முன்பே விடை சொல்லத் துடிப்பதை அடக்குவது முதலாவது. மனக்கணக்கில் மீதி எண்ணை நினைவில் வைத்துக்கொண்டே அடுத்த படியைச் செய்வது செயல்படு நினைவு. ஒரு வழி பலிக்காதபோது வேறு வழிக்கு மாறுவது மன நெகிழ்வு. இவற்றில் முதன்மைப் பங்கு வகிக்கும் மூளையின் முன்பகுதி, 20 வயதைக் கடந்தும் முதிர்ச்சியடைந்துகொண்டிருக்கும்.

பாதிப்பின் காரணங்கள்

வலிப்பு, அதற்குக் காரணமான மூளைப் பாதிப்பு, உறக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியவை இத்திறன்களைக் குறைக்கலாம். டோபிராமேட், பினோபார்பிட்டோன் போன்ற மருந்துகளும் சிலருக்குச் சிந்தனை வேகத்தைக் குறைக்கின்றன. இளம்பருவ மயோகுளோனிக் வலிப்பு உள்ள சிலருக்கு நுண்ணறிவு இயல்பாக இருந்தும் திட்டமிடுதலில் குறை காணப்படுகிறது. இத்தகைய மாணவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது, அது தவறு. மாத்திரையை நேரத்துக்கு எடுக்க மறப்பதும் இக்குறையால் நேரலாம். மாத்திரை தவறினால் வலிப்பு திரும்பக்கூடும்.

பயிற்சி முறைகள்

* கணினிவழிப் பயிற்சி: சுவீடனில் டார்க்கெல் கிளிங்பர்க்கின் ஆய்வுகளிலிருந்து உருவான காக்மெட் இதற்கு எடுத்துக்காட்டு. செயல்படு நினைவுக்கான இப்பயிற்சியின் வழக்கமான வடிவம் 5 வாரங்களில் 25 அமர்வுகள் கொண்டது. திறன் கூடக்கூடப் பயிற்சியும் கடினமாகும்.
* இலக்கு மேலாண்மைப் பயிற்சி: சற்று நிறுத்துதல், செய்ய வேண்டியதைத் தனக்குத்தானே சொல்லுதல், அதைச் சிறு படிகளாகப் பிரித்தல், சரிபார்த்தல் ஆகியவை பழக்கப்படுத்தப்படுகின்றன.

பயனும் வரம்பும்

பயிற்சி செய்த பணிகளிலும் அவற்றை ஒத்த பணிகளிலும் முன்னேற்றம் தெரிகிறது. ஆனால் அது தேர்வு மதிப்பெண்ணிலோ அன்றாட வாழ்விலோ அதே அளவு வெளிப்படுவதில்லை. ஆகவே விலையுயர்ந்த செயலிகளை மட்டும் நம்பாமல், உண்மையான வேலைகளிலேயே பழக்குவது நல்லது.

வீட்டிலும் பள்ளியிலும்

* வீட்டுப்பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, முடித்ததைக் குறிக்கச் செய்யலாம்.
* ஒரு நேரத்தில் ஓர் அறிவுரை மட்டும் கூறி, கரும்பலகையிலும் எழுதலாம்.
* கிழமைவாரியான மாத்திரைப் பெட்டி, கைப்பேசி மணி ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். பொறுப்பைப் படிப்படியாகப் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம்.

மருந்தால் மந்தம் தோன்றினால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்துவது உயிருக்கு ஆபத்தான தொடர் வலிப்பை உண்டாக்கலாம்.