ஒரு அடி போனால் நாற்பது அடி!

போன கோடையில் ஒரு நாள் காலை. ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் சோப்பைத் தேய்க்கிறேன், தேய்க்கிறேன், நுரையே வரவில்லை. சோப்பு மட்டம் என்று திட்டிக்கொண்டே வாய் கொப்பளித்தபோதுதான் விஷயம் புரிந்தது. எங்கள் பிளாட்டின் போர் தண்ணீர் கரிக்க ஆரம்பித்துவிட்டது!

திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து பொடி நடையாகப் பத்து நிமிஷத்தில் இருக்கிறது நாங்கள் மூன்று பிரம்மச்சாரிகள் வாடகைக்கு இருக்கும் பிளாட். 'சீ ப்ரீஸ்' என்று சொல்லித்தான் வாடகையில் ஆயிரம் ரூபாய் கூட்டி வாங்கினார்கள். காற்று மட்டும் வரும் என்று பார்த்தால் கடலே வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் அவசரக் கூட்டம். போர் போடுகிற ஆசாமியும் வந்திருந்தார். "இன்னும் நூறு அடி இறக்கிடலாம் சார். தேனாட்டம் கொட்டும்" என்றார். வீட்டுக்கு எட்டாயிரம் ரூபாய். எல்லோரும் தலையாட்டத் தயார்.

ஓரமாக நின்ற வாட்ச்மேன் மெதுவாகச் சொன்னார். அவருக்கு நாகப்பட்டினம் பக்கம் கடலோரக் குப்பம். "எங்க ஊர்ல கடலுக்குக் கொஞ்சம் தள்ளி மணலைக் கையால தோண்டினாலே நல்ல தண்ணி ஊறும் சார். ஆழமாத் தோண்டினாத்தான் உப்பு வரும்."

"நீ போய் மோட்டாரைப் பாருப்பா" என்று செகரட்டரி அவரை அனுப்பிவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. லைப்ரரிக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டினேன். வாட்ச்மேன் சொன்னதை நூறு வருஷத்துக்கும் முன்பே இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள்! ஒருவர் 1880-களின் கடைசியில் ஹாலந்தைச் சேர்ந்த ராணுவ இன்ஜினீயர் பேடன் கைபன். இன்னொருவர் 1901-ல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்.

விஷயம் ரொம்ப சிம்பிள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஆயிரம் கிராம் எடை. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருப்பதால், அது ஏறக்குறைய 1025 கிராம். வித்தியாசம் வெறும் 25 கிராம். ஆனால் அந்த 25 கிராம்தான் நம் தலையெழுத்து.

கடலோரத்தில் மண்ணுக்கு அடியிலும் கடல் இருக்கிறது. மணலின் இண்டு இடுக்கெல்லாம் உப்புத் தண்ணீர். அதன்மேல் மழையில் இறங்கிய நல்ல தண்ணீர், சாம்பார் மேல் எண்ணெய் மாதிரி மிதக்கிறது. எடை வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால், மிதப்பதில் பெரும்பகுதி கீழே முங்கித்தானே இருக்கும்? ஆயிரத்தை 25-ஆல் வகுத்துப் பாருங்கள். நாற்பது. அதாவது, கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும்.

ஆஹா, லாபமாக இருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். கணக்கைத் திருப்பிப் போடுங்கள். நாம் மோட்டார் போட்டு உறிஞ்சி, நீர்மட்டத்தை ஒரே ஒரு அடி இறக்கிவிட்டால், அடியில் இருக்கும் உப்புத் தண்ணீர் மெல்ல மெல்ல நாற்பது அடி மேலே ஏறப் பார்க்கும். போர் குழாய்க்கு நேர் கீழே அது கூம்பு மாதிரி எழும்பி வரும். நிஜ பூமியில் பாறையும் களிமண்ணும் குறுக்கே வருவதால் கணக்கு இத்தனை கச்சிதமாக இருக்காது. ஆனால் திசை மாறாது.

முழுக் கடலும் வர வேண்டியதில்லை. நூறு பக்கெட் நல்ல தண்ணீரில் இரண்டே இரண்டு பக்கெட் கடல் தண்ணீர் கலந்தால் போதும். குடிநீரில் விரும்பத்தக்க குளோரைடு அளவு லிட்டருக்கு 250 மில்லிகிராம். அதைத் தாண்டிவிடும். நுரை வராத சோப்பும் துருப்பிடித்த ஷவரும் அதற்கப்புறம்.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் நடந்தது இதுதான். தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் விவசாயத்துக்குமாகப் பூமியிலிருந்து இறைத்துக்கொண்டே இருந்தார்கள். கடல் நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. சென்னை வட்டாரத்தில் நிலத்தடி நீரை இஷ்டத்துக்கு எடுக்கக் கூடாது என்று 1987-ல் சட்டமே போட்டார்கள். 2010-ல் அதே மீஞ்சூர் அருகே, கடல்நீரிலிருந்து தினம் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை வந்தது. இனாமாகக் கிடைத்த நல்ல தண்ணீரை இறைத்துவிட்டு, உள்ளே வந்த கடலைப் பார்த்தபடி, காசு கொடுத்து உப்பைப் பிரிக்கிறோம்!

2019 கோடை ஞாபகமிருக்கிறதா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு இருபத்தைந்து லட்சம் லிட்டர். தண்ணீர் ரயிலுக்கு மாலை போட்டு வரவேற்ற ஊர் நம் ஊர்.

சரி, எங்கள் மாடிக்கு வருவோம். சென்னையில் வருஷத்துக்குச் சராசரி மழை சுமார் 1400 மில்லிமீட்டர். எங்கள் மொட்டை மாடி ஒரு கிரவுண்டு, 2400 சதுர அடி. பெருக்கினால் மூன்று லட்சம் லிட்டர்! பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் இருபத்தைந்து லோடு. அத்தனையும் எங்கே போகிறது என்று குழாயைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கினேன்.

2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட குழாய் பத்திரமாக இருந்தது. பெயின்ட்கூட அடித்திருந்தார்கள். அது போய் முடிந்த குழியின் மேல் சிமென்ட் பூசி, செகரட்டரியின் கார் நின்றுகொண்டிருந்தது.

அடுத்த கூட்டத்தில் நாற்பது அடிக் கணக்கைச் சொன்னேன். போர் ஆசாமிக்கு முகம் தொங்கிவிட்டது. "வாடகைக்கு இருக்கிற பசங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று ஒரு குரல். "சோப்பு என் காசு சார்" என்றேன். சிரித்துவிட்டார்கள். போரை ஆழப்படுத்தும் யோசனை ஒத்திவைக்கப்பட்டது. கார் நகர்ந்தது. செப்டம்பரில் குழியைத் தூர்வாரி ஜல்லியும் மணலும் மாற்றினோம். மோட்டார் ஓடும் நேரத்தையும் பாதியாக்கினோம்.

ஐப்பசி மழை அடித்துப் பெய்தது. ஒரே மழையில் இனித்துவிடாது. ஏறிய உப்பு இறங்கப் பல மழைக்காலம் ஆகலாம் என்று புத்தகம் சொல்கிறது. இப்போதெல்லாம் தினமும் காலையில் தொட்டித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பது வாட்ச்மேன் வேலை. செகரட்டரியே போய்க் கேட்கிறார், "எப்படிப்பா இருக்கு?"

"கரிக்குது சார். ஆனா நேத்தைக்கு இன்னிக்குத் தேவலை."