கணினிப் பெட்டிக்குள் காற்றுக்கு வழி எது?

இன்று நாம் பேசப்போவது விசிறியைப் பற்றி. கூரையில் சுழல்வது அல்ல. கணினிப் பெட்டிக்குள் சுழல்கிறதே, அந்தச் சின்ன விசிறி.

கிள்ளானில் என் வீட்டுக் கணினியில் அப்பாவின் அறுபதாம் கல்யாண ஒளிப்பதிவைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் ஓடும், பட்டென்று அணைந்துவிடும். இத்தனைக்கும் முந்தின வாரம்தான் பின்பக்க விசிறியை மாற்றிப் புதியதை நானே பொருத்தியிருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பெட்டியைத் திறந்த தம்பி சிரித்துவிட்டார். "விசிறி நல்லாத்தான் சுத்துது அக்கா. திருப்பி மாட்டிட்டீங்க!"

விசிறிக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டா? உண்டு. பெரும்பாலான விசிறிகளில், இறக்கைகள் மறைப்பின்றித் தெரியும் பக்கம் காற்றை இழுக்கும். மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் உள்ள பக்கம் காற்றைத் தள்ளும். சிலவற்றின் ஓரத்தில் அம்புக்குறியே இருக்கும். என் பெட்டியில் முன்விசிறியும் உள்ளே ஊதியது, பின்விசிறியும் உள்ளே ஊதியது. செயலியின் விசிறி பின்னோக்கித் தள்ளிய சூடான காற்று, எதிர்க்காற்றில் முட்டித் திரும்பியது. இன்றைய செயலிகள் பல, 100 டிகிரி செல்சியசை நெருங்கினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் கணினி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்.

நம் பழைய கடைவீடுகளை நினைத்துப் பாருங்கள். வாசலும் பின்கதவும் திறந்திருந்தால்தானே காற்று ஓடும்? அதே கணக்குதான். முன்னாலும் கீழேயும் உள்ளே வரவேண்டும். பின்னாலும் மேலேயும் வெளியேற வேண்டும். நான்கு விசிறி வைத்தும் வழி அமையாவிட்டால் சத்தம்தான் மிச்சம்.

பெரியவர்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். 1995-இல் இண்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் அமைப்பில், மின்வழங்கியின் விசிறி வெளிக்காற்றை இழுத்துச் செயலியின் பக்கம் வீசுவதாக இருந்தது. மின்வழங்கியின் சூட்டைச் சுமந்து வரும் காற்று எதைக் குளிர்விக்கும்? பின்னர் திசையை மாற்றினார்கள். இதை அறிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்!

இன்னொன்று. விசிறியால் எதையும் அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. கோலாலம்பூரில் பகலில் 32, 33 டிகிரி சாதாரணம். கணினியை மூடிய மேசை அறைக்குள் தள்ளி, முதுகைச் சுவரில் ஒட்டினால், வெளியேற்றிய சூட்டையே அது திரும்ப இழுக்கும். பின்னால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

தூசியும் எதிரிதான். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானில் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் புகைமூட்டம் வந்ததே, அப்படிப்பட்ட நாள்களில் விசிறி இழுப்பது வெறும் காற்றை அல்ல. முன்பக்கத்தில் வடிகட்டி வையுங்கள்; உள்ளே வரும் காற்று வெளியேறுவதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். அப்போது இடுக்குகள் வழியாகத் தூசி நுழைவது குறையும். சாமி மேடை அருகே கணினி வைத்திருப்பவர்கள் வடிகட்டியை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விசிறியின் திசை தெரிய, மெல்லிய டிஷ்யூ தாள் போதும். முன்பக்கத் துளைகள் அருகே பிடித்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். பின்பக்கம் பிடித்தால் வெளியே பறக்க வேண்டும்.

அந்தத் தம்பி நான்கு திருகாணியைக் கழற்றி, விசிறியைத் திருப்பி மாட்டினார். அப்பாவின் ஒளிப்பதிவு அன்றிரவே முடிந்தது.