அடங்கலில் இல்லாத பெயர்

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, நெல் உள்ளிட்ட பாசனப் பயிர்கள் 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமாகியிருந்தால் எக்டேருக்கு 17,000 ரூபாய் என அரசு அறிவித்தது. நல்லதுதான். ஆனால், நிவாரணம் சிட்டா, அடங்கலைப் பார்த்துத்தானே வருகிறது?

காவிரிப் படுகையில் நம் தெருக்காரர்கள் பலர் வாய்மொழிக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார்கள். விதைநெல், உரம், நடவுக்கூலி எல்லாம் அவர்கள் வட்டிக்கு வாங்கிப் போட்டவை. குத்தகைச் சீட்டு கேட்டால் அடுத்த வருஷம் நிலம் கைக்கு வராது. பயிர் மூழ்கினால் பணம் பட்டாதாரர் கணக்குக்குப் போகிறது. மனசுள்ளவர் பாதி தருவார். தராதவரிடம் யார் போய்க் கேட்பது? குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. பதியப் போகும் துணிச்சலை அந்தச் சட்டம் தரவில்லை.

நிலமே இல்லாத கூலிக்காரர் பாடு இன்னும் மோசம். 2018 கஜா புயலில் விழுந்த தென்னைக்கு, வெட்டி அகற்றும் செலவு சேர்த்து மரத்துக்கு 1,100 ரூபாய் தந்தார்கள். அந்த மரமேறிப் பிழைத்தவருக்கு மரக்கணக்கில் இடமில்லை.

சேதம் கணக்கெடுக்க வருவாய், வேளாண் துறையினர் வயலுக்கே வருகிறார்கள். வரப்பில் நின்று, உழுதவர் யாரென்று பக்கத்து வயல்காரரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். அந்தப் பெயரை அடங்கலில் எழுதச் சொல்லுங்கள் என்றுதான் மாவட்ட ஆட்சியரை நாம் கேட்கிறோம்.